சர்வர் இல்லாத லேபில் பிள்ளைகள் கணக்கை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

கேள்வி, 7 ஜூன் 2025

எங்கள் பள்ளி லேபில் 12 சிஸ்டம் இருக்கிறது. எல்லாம் விண்டோஸ் 10. சர்வர் கிடையாது, வாங்கப் பணமும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாரும் இதே 12-இல்தான் உட்காருகிறார்கள். வால்பேப்பர் மாறுகிறது, கேம் ஏறுகிறது, ஒரு பிள்ளை செய்துவைத்ததை இன்னொரு பிள்ளை அழித்துவிடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர், "டொமைன் சர்வர் இல்லாமல் பெர்மிஷன் எதையும் கட்டுப்படுத்த முடியாது மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது உண்மையா?

7 ஜூன், இரவு

உண்மை இல்லை டீச்சர். டொமைன் சர்வர் இருந்தால் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லா சிஸ்டத்துக்கும் உத்தரவு போடலாம். ஆனால் அந்த உத்தரவை நிறைவேற்றுவது அந்தந்த சிஸ்டத்தில் இருக்கும் விண்டோஸ்தான். நேரில் போய்ச் சொன்னாலும் அது கேட்டுக்கொள்ளும். நீங்கள் 12 முறை எழுந்து நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தென்மாவட்டத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் 18 சிஸ்டத்தை 2016 முதல் இப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். பிள்ளைகள் திறக்கிற கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டரா (சிஸ்டத்தில் எதையும் மாற்றலாம்), ஸ்டாண்டர்டா (தன் வேலையை மட்டும் பார்க்கலாம்)? விண்டோஸ் போடும்போது முதலில் உருவாகிற கணக்கு எப்போதும் அட்மின்தான். சிஸ்டத்தைக் கொண்டுவந்து வைக்கிறவர் அதற்குப் பள்ளியின் பெயரைப் போட்டு, பாஸ்வேர்டு இல்லாமல் விட்டுவிட்டுப் போவார். பிறகு ஆசிரியர், மாணவர் எல்லாருக்கும் அதுவே கணக்காகிவிடும். நான் பொறுப்பேற்றபோது 18-உம் அப்படித்தான் இருந்தது.

மாற்றும்போது வரிசை தவறக் கூடாது. புதிதாக ஓர் அட்மின் கணக்கை உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, ஒருமுறை அதில் நுழைந்து பார்த்துவிடுங்கள். சரியாக நுழைய முடிந்த பிறகுதான் பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக இறக்க வேண்டும். ஒரு சிஸ்டத்துக்குப் பத்து நிமிடம் ஆகும்.

8 ஜூன்

பிள்ளைகள் கணக்குக்குப் பாஸ்வேர்டு வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன வகுப்புகளுக்கு வேண்டாம். 40 நிமிடப் பீரியடில் பத்து நிமிடம் "சார், உள்ளே போக மாட்டேங்குது" என்பதிலேயே போய்விடும். பாஸ்வேர்டு இல்லாத லோக்கல் கணக்கை அந்த சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்துதான் திறக்க முடியும், நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது. வழக்கமான அமைப்பே அதுதான்.

ஆனால் ஒரு டிக் போட மறக்காதீர்கள். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் அந்தக் கணக்கைத் திறந்தால் "பயனர் பாஸ்வேர்டை மாற்ற முடியாது" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நான் போடாமல் விட்டிருந்தேன். 2018 பிப்ரவரி, பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வு நாள் காலை. வெளிப் பள்ளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து உட்கார்ந்துவிட்டார். 11-ஆம் சிஸ்டம் பாஸ்வேர்டு கேட்கிறது. முந்தின நாள் சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பொதுக் கணக்குக்குப் பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அட்மினில் நுழைந்து அதை நீக்க எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் வாசலில் வரிசையாக நின்ற பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

10 ஜூன்

நானே எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஸ்டாண்டர்டாக இறக்கிவிட்டால் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது என்ற நினைப்பில் 7-ஆம் தேதி நிறுத்திவிட்டேன். அது பாதிதான் சரி. எல்லாருக்கும் பொதுவான புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எழுத முடியாது, உண்மை. ஆனால் பல புரோகிராம்கள் அங்கே போவதே இல்லை. குரோம் இன்ஸ்டால் ஆகும்போது அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். "இல்லை" என்று அழுத்தினால் பயனருடைய சொந்த ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்கிராட்ச்கூட "எனக்கு மட்டும்" என்று கேட்டு அங்கேயே ஏறும். கேம்களும் இதே வாசல் வழியாகத்தான் வருகின்றன. எழுத்துருவும் அப்படித்தான். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து ஸ்டாண்டர்டு கணக்கே தனக்கென்று எழுத்துருவை ஏற்றிக்கொள்ளலாம்.

இதை அடைக்க ஆப்லாக்கர் இருக்கிறது, எந்தப் புரோகிராம் ஓடலாம், எது ஓடக் கூடாது என்று ரூல் போடும் விண்டோஸ் வசதி. முன்பு எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். அப்டேட் ஆன புரோவிலும் இப்போது வேலை செய்கிறது. அதில் "டீஃபால்ட் ரூல்ஸை உருவாக்கு" என்பதை அழுத்தினாலே போதும். விண்டோஸ் ஃபோல்டரிலும் புரோகிராம் ஃபைல்ஸிலும் இருப்பதை யாரும் ஓட்டலாம், வேறெங்கிருந்தும் அட்மின் மட்டுமே ஓட்டலாம் என்று ஆகிவிடும். பென்டிரைவில் கொண்டுவரும் கேமும் இதிலேயே நின்றுவிடும்.

இரண்டு எச்சரிக்கை. டீஃபால்ட் ரூல்ஸ் இல்லாமல் தனியாக ஒரு ரூல் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே நின்றுபோகும். அப்புறம், அப்ளிகேஷன் ஐடென்டிட்டி என்ற சர்வீஸ் ஓடினால்தான் ஆப்லாக்கர் வேலை செய்யும். சர்வீசஸ் விண்டோவில் போய் அதை ஆட்டோமேட்டிக் ஆக்கப் பார்த்தால் விடாது. அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில்தான் மாற்ற வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் ரூலை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

12 ஜூன்

குரூப் பாலிசி எடிட்டரை (எதைத் திறக்கலாம், எதை மூடலாம் என்று விண்டோஸுக்குச் சொல்லும் இடம்) திறந்து, பயனர் பகுதியில் கண்ட்ரோல் பேனலை மூடினேன், இப்போது அட்மின் கணக்கிலும் வரவில்லை என்று இன்னொரு நண்பர் எழுதியிருக்கிறார். சார், இதே குழியில் நான் விழுந்து எழுந்தவன். அந்த எடிட்டரை நேராகத் திறந்து பயனர் பகுதியில் எதைப் போட்டாலும் அந்த சிஸ்டத்தில் நுழைகிற எல்லாருக்கும் பொருந்தும், அட்மினுக்கும் சேர்த்துத்தான். 2016-இல் நான் கண்ட்ரோல் பேனல், கமாண்ட் பிராம்ப்ட், ரெஜிஸ்ட்ரி எடிட்டர் (விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் இடம்) மூன்றையும் அடுத்தடுத்து மூடிவிட்டு, வெளியே வர வழி தெரியாமல் அந்த சிஸ்டத்துக்கு விண்டோஸையே மறுபடி போட்டேன்.

சரியான வழி விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது, கண்ணில் படும்படி வைக்கவில்லை, அவ்வளவுதான். மேனேஜ்மென்ட் கன்சோலைக் காலியாகத் திறந்து, அதில் குரூப் பாலிசி எடிட்டரைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது "பிரவுஸ்" என்ற பட்டன் வரும். அதற்குள் "யூசர்ஸ்" பக்கத்தில் "நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்" என்று ஒரு பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குள் எதை மூடினாலும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் மூடும்.

நண்பர் விண்டோஸை மறுபடி போட வேண்டியதில்லை. எடிட்டர் இன்னும் திறந்தால் போட்டதை "நாட் கன்ஃபிகர்டு" என்று திருப்புங்கள். அதுவும் திறக்காவிட்டால், விண்டோஸின் சிஸ்டம்32-க்குள் மறைத்துவைத்த குரூப்பாலிசி என்ற ஃபோல்டர் இருக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

அதே நாள், இரவு

ஒரு சிஸ்டத்தில் போட்டதை மற்ற 11-க்கும் கொண்டுபோவது எப்படி என்று டீச்சர் கேட்கிறார். எல்ஜிபிஓ என்று ஒரு சிறிய கருவியை மைக்ரோசாஃப்டே இலவசமாகக் கொடுக்கிறது. ஒரு சிஸ்டத்தில் பேக்கப் எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு மற்றவற்றில் இறக்கலாம். "நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்" பாலிசியைத் தனியாக இறக்கவும் அதில் வழி உண்டு. 18 சிஸ்டத்துக்கும் எனக்கு ஒரு மதியம்தான் ஆனது.

13 ஜூன்

விண்டோஸின் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் இல்லை. ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பாதி செய்யலாம். ஆனால் அடுத்து வருகிற ஆசிரியருக்கு நீங்கள் எங்கே என்ன மாற்றினீர்கள் என்பது தெரியாது. பள்ளிக்கு வாங்கும்போதே புரோவா, எஜுகேஷனா என்று கேட்டு வாங்குங்கள்.

20 ஜூன்

டீச்சர் பட்டியல் கேட்டிருக்கிறார், எதையெல்லாம் மூட வேண்டும் என்று. உட்கார்ந்து எழுதப் போனேன், எழுதவே மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

2016-இல் என் பட்டியலில் முப்பதுக்கு மேல் இருந்தது. ரைட் கிளிக் கிடையாது. டாஸ்க்பார் அசையாது. செட்டிங்ஸ் திறக்காது. ரன் கிடையாது. வால்பேப்பராகப் பள்ளியின் சின்னம். பார்ப்பதற்கு லேப் ரொம்ப ஒழுங்காக இருந்தது, தலைமை ஆசிரியர்கூடப் பாராட்டினார். அப்புறம் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போனேன். பாடத்தில் விண்டோஸ், உபுண்டு என்ற லினக்ஸ் இரண்டும் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் ஐகானை எப்படி அடுக்குவது, ஃபோல்டரை எப்படி உருவாக்குவது, கண்ட்ரோல் பேனலில் என்ன இருக்கிறது எல்லாம் வரும். 18 சிஸ்டத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகள் கண்ட்ரோல் பேனலைப் புத்தகத்தில் உள்ள படத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் மூடியிருந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற பிள்ளைக்கு இது பெரிதாகத் தெரியாது. என் பள்ளியில் பாதிக்கு மேல் பிள்ளைகள் கீபோர்டைத் தொடுவதே இந்த அறையில்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். இப்போது மூடியிருப்பது இவ்வளவுதான்: புரோகிராம் ஏற்றுவது, ரெஜிஸ்ட்ரி எடிட்டர், நெட்வொர்க் அமைப்பு, கணக்கு பாஸ்வேர்டை மாற்றுவது. வால்பேப்பரைக்கூடத் திறந்துவிட்டேன். கெட்ட படம் வைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். ஒன்பது வருடத்தில் இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் கூப்பிட்டுப் பேசினேன்.

2 ஜூலை

எக்ஸ்பி காலத்தில் ஸ்டெடிஸ்டேட் என்று ஒன்று இருந்ததே, ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமே என்று ஒரு மூத்த ஆசிரியர் நினைவுபடுத்தியிருக்கிறார். ஆமாம் ஐயா, நூலகத்துக்கும் பள்ளிக்கும் என்றே மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்தது. 2010 டிசம்பர் 31-உடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 7-க்கு அது வரவே இல்லை. சர்வர் இல்லாத சின்னப் பள்ளிகளுக்கு அது பெரிய இழப்பு, இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

இன்றைக்கு அந்த வேலையைச் செய்வது யூனிஃபைடு ரைட் ஃபில்டர். எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது, புரோவில் இல்லை. டீப் ஃப்ரீஸ் போல விலைக்கும் கிடைக்கிறது. டிஸ்க்கில் எழுத வேண்டியதையெல்லாம் ஒரு தற்காலிக இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ரீஸ்டார்ட்டில் தூக்கிப் போட்டுவிடும். ரைட் ஃபில்டரில் அந்த இடம் முதலில் ராமில் 1024 எம்பி என்றிருக்கும். 4 ஜிபி ராம் உள்ள சிஸ்டத்தில் பிரவுசரை நாள் முழுக்கத் திறந்துவைத்தால் அது நிறைந்து சிஸ்டமே திணறும். டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நான் இதை மூன்று சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் நிம்மதி. அடுத்த வாரம் மூன்றாவது பீரியடில் கரண்ட் போனது, யுபிஎஸ் பேட்டரி பழசு, தாங்கவில்லை. மறுபடி ஆன் செய்தபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வாரமாகச் செய்துகொண்டிருந்த ஊர்க் கண்மாய்கள் பற்றிய பிரசன்டேஷன் அந்த மூன்று சிஸ்டத்திலும் அன்றைய வேலை முழுக்கக் காணாமல் போயிருந்தது. சேவ் பண்ணினோம் சார், சேவ் பண்ணினோம் சார் என்று அழாத குறை. அவர்கள் சேவ் செய்துதான் இருந்தார்கள்.

போடுவதானால், ரீஸ்டார்ட்டில் பழையபடி ஆவது சி டிரைவுக்கு மட்டும் என்று வையுங்கள். டி டிரைவைத் தனியாகப் பிரித்து, பிள்ளைகளின் ஃபோல்டரை அங்கே வையுங்கள். அதைச் செய்து, இரண்டு முறை வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்த பிறகு பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

9 ஜூலை

ஸ்கிரீன் தலைகீழாக நிற்கிறது, வைரஸா என்று கேட்டவருக்கு: இல்லை. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு மேல் அம்புக்குறியை அழுத்துங்கள், நேராகிவிடும். இன்டெல் கிராபிக்ஸ் உள்ள பல சிஸ்டங்களில் இந்தக் குறுக்குவழி உண்டு. எங்கள் லேபில் இது ஆறாம் வகுப்புக்கு வந்து சேர்கிற முதல் ரகசியம். அண்ணன்கள் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

17 ஆகஸ்ட்

ஜூன் 8-இல் பாஸ்வேர்டு வைத்த பையனைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், இரண்டு மாதமாக மனதில் உறுத்துகிறது.

தேர்வு முடிந்த மறுநாள் அவனைக் கூப்பிட்டு ஏன்டா செய்தாய் என்று கேட்டேன். பெயின்ட்டில் ஒரு காளை வரைந்திருந்தான். கொம்பு, திமில், கழுத்துச் சலங்கை, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக. மவுஸை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வரைந்திருக்கிறான். அதற்கு முந்தின வாரம் வேறு வகுப்புப் பையன் ஒருவன் அதே பொதுக் கணக்கில் நுழைந்து, காளைக்கு மீசை போட்டு அப்படியே சேவ் செய்துவிட்டான். இவன் அதை மறுபடி முதலிலிருந்து வரைந்து, இந்தத் தடவை கதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். தேர்வு நடக்கப் போகிறது என்பது ஒன்பதாம் வகுப்பானுக்கு எங்கே தெரியும்?

நான் அன்றைக்கு அந்த டிக்கைப் போட்டுவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அவனுடைய பிரச்சினை தீரவே இல்லை. ஒரே கணக்கில் எல்லாரும் நுழைந்தால் எல்லா ஃபைலுக்கும் ஒரே சொந்தக்காரர்தான். யாருடையது எது என்று விண்டோஸுக்குப் பிரித்துப் பார்க்கவே தெரியாது. டீச்சர் முதல் கேள்வியிலேயே "ஒரு பிள்ளை செய்ததை இன்னொரு பிள்ளை அழிக்கிறது" என்று எழுதியிருந்தார். நான் கேம், கண்ட்ரோல் பேனல் என்று எங்கெங்கோ போய்விட்டு, அதற்குப் பதில் சொல்லாமலே இருந்திருக்கிறேன்.

18 ஆகஸ்ட்

நேற்றைய பதிவின் தொடர்ச்சி. 500 பிள்ளைகளுக்கு 18 சிஸ்டத்திலும் தனித்தனிக் கணக்கு என்பது சர்வர் இல்லாமல் நடக்கிற காரியம் இல்லை. நான் செய்திருப்பது இதுதான். ஒவ்வொரு சிஸ்டத்திலும் வகுப்புக்கு ஒரு கணக்கு: ஆறு, ஏழு, எட்டு என்று பன்னிரண்டு வரை ஏழு கணக்கு, எல்லாம் ஸ்டாண்டர்டு. கூடவே உட்காரும் இடத்தையும் நிலையாக வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் 5-ஆம் சிஸ்டம் என்றால் வருடம் முழுக்க அதே இரண்டு, மூன்று பிள்ளைகள்தான். பெயர்ப் பட்டியலை மானிட்டர் மேலே ஒட்டியிருக்கிறேன்.

ஒரு ஸ்டாண்டர்டு கணக்கின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை இன்னொரு ஸ்டாண்டர்டு கணக்கு திறக்க முடியாது, விண்டோஸ் தானாகவே விடாது. நாம் எதையும் பூட்ட வேண்டியதில்லை. ஆனால் டி டிரைவில் வைத்தால் அந்தப் பாதுகாப்பு தானாக வராது. ஜூலை 2-இல் டி டிரைவுக்கு மாற்றுங்கள் என்று எழுதினேன் அல்லவா, அங்கே வகுப்புக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, செக்யூரிட்டி பக்கத்தில் மற்ற பயனர்களை நீக்கி, அந்தக் கணக்கையும் அட்மினையும் மட்டும் வைக்க வேண்டும்.

இப்போது யாராவது யாருடையதையாவது அழித்தால், அது ஒரே பெஞ்சில் உட்காரும் மூன்று பேருக்குள் நடந்ததாக இருக்கும். அதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

கணக்குகளுக்குப் பாஸ்வேர்டு இல்லையே, ஒன்பதாம் வகுப்பான் எட்டாம் வகுப்புக் கணக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எட்டிலிருந்து மேலே பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன், மாற்ற முடியாத பாஸ்வேர்டு. ஆறுக்கும் ஏழுக்கும் இன்னும் இல்லை.

15 அக்டோபர்

நேற்றோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. எங்களிடம் ஏழு சிஸ்டம் மூன்றாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறார்கள், வழியே இல்லை. ஏழிலும் லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். பாடத்தில் உபுண்டு இருப்பதால் பிள்ளைகளுக்கு அது அந்நியமாகவும் இல்லை, மின்ட்டும் உபுண்டுவின் மேல் கட்டியதுதான்.

இதே வகுப்புக் கணக்கு முறை இங்கே இன்னும் சுலபம். முதலில் உருவாகும் கணக்குக்குத்தான் சூடோ உரிமை, அதாவது அட்மின் உரிமை, அதனால் அது ஆசிரியருடையதாக இருக்கட்டும். பிறகு சேர்ப்பவை எல்லாம் சாதாரணக் கணக்கு. எல்லா வகுப்பும் போட்டு எடுக்க ஒரு பொது ஃபோல்டர் வேண்டுமென்றால் ஸ்டிக்கி பிட் என்று ஒன்று இருக்கிறது. அந்த ஃபோல்டரில் எல்லாருக்கும் எழுதும் உரிமை கொடுத்து, கூடவே அதையும் வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே ஃபைல் வைக்கலாம், வைத்தவரையும் ஆசிரியரையும் தவிர வேறு யாரும் அதை அழிக்க முடியாது. ஃபோல்டரின் சொந்தக்காரராக ஆசிரியர் கணக்கை வையுங்கள்.

21 அக்டோபர்

லினக்ஸில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்டுபிடித்து, என்னிடமே வந்து காட்டினாள். ஆன் ஆகும்போது எஸ்கேப்பை அழுத்தி மெனுவுக்குப் போய், ரெகவரி மோடைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்வேர்டு கேட்காமலே ரூட் ஷெல் திறந்துவிடுகிறது. அதாவது மொத்த சிஸ்டமும் கையில். கிரப் என்ற அந்த மெனுவுக்குத் தனியாகப் பாஸ்வேர்டு வைத்துத்தான் அடைக்க வேண்டும். அன்று மாலையே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏழு சிஸ்டத்திலும் போட்டோம். கடைசி மூன்றை அவளே போட்டாள்.

விண்டோஸிலும் இதற்கு ஈடான வாசல் உண்டு. பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் எந்தப் பெர்மிஷனும் நிற்காது. பயோஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அமைப்பு) பென்டிரைவிலிருந்து பூட் ஆவதை நிறுத்தி, பயோஸுக்கும் பாஸ்வேர்டு வையுங்கள். பல டெஸ்க்டாப்களில் உள்ளே உள்ள ஜம்பர் என்ற சின்னக் கிளிப்பை மாற்றி அந்தப் பாஸ்வேர்டையும் அழித்துவிடலாம் என்பதால் கேபினெட்டுக்குச் சின்னப் பூட்டு ஒன்று போட்டிருக்கிறேன்.

4 டிசம்பர்

டீச்சர் எழுதியிருக்கிறார்: 12 சிஸ்டத்திலும் வகுப்புக் கணக்கு போட்டாகிவிட்டது, அரையாண்டுத் தேர்வுக்கு முன் எல்லாம் ஓடுகிறது. மனம் நிறைந்துவிட்டது டீச்சர். ஆனால் கடைசி வரியில், பிரிண்டர் ரிப்பேருக்கு அதே சர்வீஸ்காரர் வந்து அட்மின் பாஸ்வேர்டு கேட்டார், கொடுத்துவிட்டேன், பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்றைக்கே மாற்றிவிடுங்கள். 12-இலும் ஒரே பாஸ்வேர்டு என்றால் 12-இலும் மாற்ற வேண்டும். புதியதை ஒரு கவரில் எழுதி, ஒட்டி, தலைமை ஆசிரியர் பீரோவில் வையுங்கள், நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளுக்கு. அடுத்த முறை யாராவது கேட்டால் சொல்லாதீர்கள், நீங்களே போய் டைப் செய்துவிட்டு அவர் வேலை முடிகிற வரைக்கும் பக்கத்தில் நில்லுங்கள். பிரிண்டர் மாட்டிய அந்த சிஸ்டத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவைத் திறந்து பாருங்கள். விண்டோஸோடு வரும் "அட்மினிஸ்ட்ரேட்டர்" என்ற பெயரும் உங்கள் கணக்கும்தான் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.